நோய்நிலைக் கிட்டப்பார்வை

நோய்நிலைக் கிட்டப்பார்வை என்பது, கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதால் அதன் பின்பகுதித் திசுக்கள் மெலிந்து சிதையும் ஒரு கண் நோய் ஆகும். கண்ணாடியால் முழுமையாகத் திருத்த இயலாத பார்வை இழப்பை இது உண்டாக்கக்கூடும். சாதாரணக் கிட்டப்பார்வையில் ஒளி விழித்திரைக்கு முன்னால் குவிவது மட்டுமே குறையாகும். தக்க குழிவில்லை அணிந்தால் பார்வை தெளிவாகிவிடும். நோய்நிலைக் கிட்டப்பார்வையில் கண்ணின் கட்டமைப்பே மாறிவிடுகிறது. கண்ணாடி, தொடுவில்லை, லேசிக் அறுவை ஆகியவை ஒளி குவியும் இடத்தைச் சரிசெய்கின்றன. நீண்டுவிட்ட கண்ணை அவை குறுக்குவதில்லை. எனவே, கண்ணாடியை விட்டொழித்தவர்களுக்கும் விழித்திரைப் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

வரைவிலக்கணம்

கண்ணாடியின் எண் -6 டையாப்டர் அல்லது அதற்கு மேற்பட்டதாக இருப்பின் அது உயர் கிட்டப்பார்வை எனப்படும். வளர்ந்த ஒருவரின் கண்கோளம் முன்பின்னாகச் சுமார் 24 மி.மீ. நீளமுடையது. இந்நீளம் 1 மி.மீ. கூடினால் கண்ணாடியின் எண் ஏறத்தாழ 2.5 முதல் 3 டையாப்டர் வரை கூடும். உயர் கிட்டப்பார்வை உடையோரின் கண்கள் பெரும்பாலும் 26 மி.மீ.-க்கு மேல் நீண்டிருக்கும்; சிலருக்கு 30 மி.மீ.-ஐயும் தாண்டுவதுண்டு. உயர் கிட்டப்பார்வை உடைய அனைவருக்கும் நோய்நிலை ஏற்படுவதில்லை. கண்ணின் பின்பகுதியில் கட்டமைப்பு மாற்றங்கள் காணப்படும்போதே அது நோய்நிலைக் கிட்டப்பார்வை எனப்படுகிறது.

நாற்பது வயதுக்குப் பின் பலருக்கும் வெள்ளெழுத்து ஏற்பட்டு, படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. கிட்டப்பார்வை உடையவர்களோ தம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படிக்க இயலும். இதனைக் கண் வலுவாக இருப்பதன் அடையாளமாகக் கொள்வது தவறாகும். விழித்திரையின் ஓரங்களில் ஏற்படும் மெலிவு படிக்கும் திறனைத் தொடக்கத்தில் பாதிப்பதில்லை.

கட்டமைப்பு மாற்றங்கள்

கண்கோளத்தின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே உறுதியான விழிவெண்படலமும், நடுவில் குருதிக்குழல்கள் நிறைந்த கோராய்டு படலமும், உள்ளே ஒளியை உணரும் விழித்திரையும் அமைந்துள்ளன. ஊதப்படும் பலூனின் சுவர் மெலிவதைப் போல, கண் நீளும்போது இம்மூன்றும் மெலிகின்றன.

பின்புடைப்பு: விழிவெண்படலம் மெலிந்த இடத்தில் கண்கோளத்தின் பின்சுவர் வெளிப்புறமாகப் பிதுங்குகிறது. இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ சுகார்ப்பா 1801-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். எல்மோல்ட்சு 1851-இல் விழித்திரை நோக்கியை உருவாக்கிய பின்னரே, உயிருடன் உள்ளவரின் கண்ணுக்குள் இத்தகைய மாற்றங்களைக் காண இயன்றது.

மஞ்சள் புள்ளிச் சிதைவு: கூர்ந்த பார்வைக்குரிய மஞ்சள் புள்ளிப் பகுதியில் கோராய்டு படலம் தேய்ந்து, வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. 2015-இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு வகைப்பாடு இம்மாற்றங்களை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது.

புதுக் குருதிக்குழல்கள்: மெலிந்த அடுக்குகளில் வெடிப்புகள் தோன்றும்போது, அவற்றின் வழியே நலிந்த குருதிக்குழல்கள் முளைத்துக் கசியலாம். மையப் பார்வை விரைவாகக் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

விழித்திரை விலகல்: கண்ணின் உள்ளே நிறைந்துள்ள விட்ரியசு என்னும் கூழ்மம் இத்தகைய கண்களில் இளவயதிலேயே நீர்த்து, விழித்திரையை இழுக்கிறது. மெலிந்த ஓரத்தில் கிழிசல் விழுந்து, அதன் வழியே நீர் புகுந்தால் விழித்திரை சுவரிலிருந்து பிரிந்துவிடும்.

இவற்றுடன் கண் அழுத்த நோயும் கண்புரையும் ஏற்படும் வாய்ப்பும் மிகுதியாகும்.

காரணங்கள்

மரபும் சூழலும் இணைந்து செயற்படுகின்றன. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருப்பின் குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு கூடுகிறது. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் பிள்ளைகளிடம், ஒடுங்கு மரபணுக்களால் ஏற்படும் சில அரிய வகை உயர் கிட்டப்பார்வை காணப்படலாம். வெளியில் பகலொளியில் செலவிடும் நேரம் குறைவதும், நீண்ட நேரம் அருகில் பார்த்துச் செய்யும் வேலையும் சூழல் காரணிகளாகும். 2016-இல் வெளியான ஒரு கணிப்பின்படி, 2050-ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வையும், பத்தில் ஒருவருக்கு உயர் கிட்டப்பார்வையும் இருக்கும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

• கண்முன் திடீரெனப் பல கரும்புள்ளிகளோ நூல் போன்றவையோ மிதத்தல்
• இருட்டிலும் மின்னல் போன்ற ஒளிக்கீற்று தெரிதல்
• பார்வையின் ஒரு பக்கத்தைத் திரை மறைப்பது போலத் தோன்றுதல்
• நேர்க்கோடுகள் வளைந்து தெரிதல்

முதல் மூன்றும் விழித்திரைக் கிழிசல் அல்லது விலகலைக் குறிக்கலாம். நான்காவது மஞ்சள் புள்ளிப் பாதிப்பைக் குறிக்கலாம். இரு கண்களாலும் பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு கண்ணாக மூடி, சன்னல் கம்பிகளையோ மாத நாட்காட்டியின் கட்டங்களையோ பார்த்துச் சோதிப்பது பயன் தரும். விழித்திரை விலகலில் வலி இராது. வலி இல்லாமையால் காத்திருப்பது பார்வை இழப்புக்கு வழிவகுக்கும்.

மருத்துவம்

நீண்ட கண்ணை மீண்டும் குறுக்கும் மருத்துவம் இல்லை. விளைவுகளுக்கே மருத்துவம் செய்யப்படுகிறது.

விழித்திரைக் கிழிசல் விலகலாக மாறுமுன் கண்டறியப்பட்டால், சீரொளிக் கதிரால் அதனைச் சுற்றி ஒட்டவைக்கலாம். இதற்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. விலகல் ஏற்பட்டுவிட்டால், கண்ணின் வெளிப்புறம் சிலிக்கான் பட்டை பொருத்தும் அறுவையோ, விட்ரியசை அகற்றி வளிமமோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பும் அறுவையோ செய்யப்படும். வளிமம் நிரப்பப்பட்டவர் அது கரையும் வரை விமானத்தில் பயணம் செய்யக் கூடாது. மஞ்சள் புள்ளி பிரிவதற்கு முன் அறுவை செய்தால் பார்வை மீளும் வாய்ப்பு மிகுதி.

புதுக் குருதிக்குழல்களுக்கு ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற மருந்துகள் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தப்படுகின்றன. கோராய்டு தேய்ந்த திட்டுகளைச் சீராக்கும் மருந்து இல்லை. அந்நிலையில் உருப்பெருக்கிகள் முதலிய குறைபார்வைக் கருவிகள் உதவும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையையும் உள்ளடக்குகிறது.

கண்புரை அறுவையின்போது தனிக்கவனம் தேவை. நீண்ட கண்ணில் மரப்பூசி சுவரைத் துளைத்துவிடும் இடர் கூடுதலாதலால், சொட்டு மருந்தால் மரக்கச் செய்வது பெரும்பாலும் விரும்பப்படுகிறது. முன்பு லேசிக் செய்துகொண்டவர் அதனைக் கண் மருத்துவ முகாமிலும் தவறாமல் தெரிவிக்க வேண்டும். இல்லாவிடில் உள்விழி வில்லையின் எண் கணக்கிடுவதில் பிழை நேரலாம். கண் அழுத்த அளவும் உண்மையை விடக் குறைவாகத் தெரியலாம்.

காரைக்கால் பகுதியில்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம், காவிரிப் படுகையின் கடற்கரையில் தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டுள்ளது. அது புதுச்சேரி நகரிலிருந்து சுமார் 130 கி.மீ. தெற்கேயும், சென்னையிலிருந்து சுமார் 300 கி.மீ. தொலைவிலும் அமைந்துள்ளது. கண்ணாடி எண் கணிப்பும் முதற்கட்டக் கண் பரிசோதனையும் உள்ளூரிலேயே இயலும். விழித்திரை அறுவைக்கு இப்பகுதி மக்கள் நாடக்கூடிய பெரிய நிறுவனங்களுள் புதுச்சேரியிலுள்ள சிப்மர், அங்கு 2003-இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை, 1819-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1978-இல் நிறுவப்பட்ட சங்கர நேத்ராலயா ஆகியவை அடங்கும்.

புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்லவே பல மணி நேரம் ஆகும். விழித்திரை விலகலில் நாட்களும் மணிகளும் முக்கியமானவை என்பதால் இத்தொலைவு பொருட்படுத்தத்தக்கது. உயர் கிட்டப்பார்வை உடையவர் ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரிக்கும் மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டால், கிழிசல் விலகலாக மாறுமுன் கண்டறியும் வாய்ப்பு கூடும். மருந்திட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கி ஒளி கூசும். துணையுடன் செல்வது நன்று.

தடுப்பு

கண் நீள்வதைக் குழந்தைப் பருவத்திலேயே மெதுவாக்குவதே தடுப்பு முறையாகும். நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் வெளியில் விளையாடுவது பரிந்துரைக்கப்படுகிறது. குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்து கண்ணாடி எண் கூடும் வேகத்தைக் குறைப்பதாகச் சிங்கப்பூரிலும் ஆங்காங்கிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. தனி வடிவமைப்புக் கொண்ட கண்ணாடி வில்லைகளும் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும். கண்ணாடி அணிந்தால் எண் கூடிவிடும் என்றெண்ணிக் குழந்தைக்குக் கண்ணாடியைத் தவிர்ப்பதால் கண் நீள்வது நிற்பதில்லை. குழந்தைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரியாமற்போவதே அதன் விளைவாகும்.