முதியோர் வீட்டிற்கு வரித் தள்ளுபடி

உத்தியோகத்தின் பொருட்டு டில்லிக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாமல் இங்கேயே ஒரு வீட்டை வாங்கிக் குடியமர்ந்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. கரோல் பாகிலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் அத்தகைய வீடுகளை இன்றும் காணலாம். வீட்டுக்கு உரியவர் எழுபதைக் கடந்திருப்பார். பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருப்பார்கள். இத்தகையோருக்கு டில்லி மாநகராட்சி சொத்து வரியில் ஒரு சலுகை அளிக்கிறது. அது தானாக வருவதன்று, கேட்டவருக்கே கிடைப்பது. கேட்பதற்கும், பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும். இச்சலுகை எவருக்கு உரியது, எப்படிப் பெறுவது, எந்த இடத்தில் கைநழுவிப் போகிறது என்பவற்றை நேயர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். வருமான வரியைப் போல நாடெங்கும் ஒரே சட்டம் இதற்குக் கிடையாது. நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரத்தை நம் அரசியல் சட்டம் மாநிலங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவை அதனை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வழங்குகின்றன. ஆகவே ஊருக்கு ஊர் முறை வேறு. பம்பாயில், இன்றைய மும்பையில், 500 சதுர அடிக்கு மேற்படாத குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி நீக்கப்பட்டது. அங்கே பார்க்கப்பட்டது வீட்டின் பரப்பு, உடையவரின் வயதன்று. டில்லியிலோ உடையவர் யார் என்பதும் கணக்கில் வருகிறது. ஒரு நகரத்து உறவினர் சொன்னதை நம்பி மற்றொரு நகரத்தில் வரி கட்டலாகாது.

டில்லியிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. புது டில்லி நகராட்சி மன்றத்தின் எல்லையும் பாசறை வாரியத்தின் எல்லையும் தனித்தனி. இங்கே கூறுவது மாநகராட்சிக்கு உட்பட்ட வீடுகளைப் பற்றியது. 2012இல் மூன்றாகப் பிரிந்த இம்மாநகராட்சி 2022 மே மாதத்தில் மீண்டும் ஒன்றாயிற்று. எனவே பழைய ரசீதுகளில் வேறு பெயர் காணப்பட்டால் திகைக்க வேண்டுவதில்லை.

1957ஆம் ஆண்டின் டில்லி மாநகராட்சிச் சட்டத்தில் 2003இல் திருத்தம் செய்யப்பட்டு, 2004 ஏப்ரல் முதல் பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, வீட்டிற்கு என்ன வாடகை கிடைக்கக்கூடும் என்பதை அதிகாரிகள் மதிப்பிட்டு வரியை நிர்ணயித்தனர். இப்போது வரியைக் கணக்கிடும் பொறுப்பு வீட்டுக்காரரையே சார்ந்தது. நகரத்தின் குடியிருப்புகள் 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சதுர மீட்டருக்கு ஒரு மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. 'ஏ' வகுப்பில் அது 630 ரூபாய். 'எச்' வகுப்பில் 100 ரூபாய். இம்மதிப்பைக் கட்டடப் பரப்பால் பெருக்கி, கட்டடத்தின் வயது, அமைப்பு, பயன், குடியிருப்போர் ஆகியவற்றுக்குரிய காரணிகளாலும் பெருக்கினால் ஆண்டு மதிப்பு வரும்.

சலுகைக்குரியவர் நால்வர்: அந்த நிதியாண்டின் தொடக்கத்தில் 60 வயது நிறைந்தவர், உடற்குறை உடையவர், பெண்டிர், முன்னாள் படைவீரர். இவர்களுக்கு உரிமையான, இவர்களே குடியிருக்கிற ஒரே ஒரு வீட்டிற்கு, 200 சதுர மீட்டர் வரையிலான பரப்பின் வரியில் 30 சதவீதம் தள்ளப்படும். 70 வயதான ஒரு மூதாட்டிக்கு, முதியவர் என்ற முறையில் ஒரு முப்பதும் பெண் என்ற முறையில் மற்றொரு முப்பதும் கிடைக்குமோ என்றால், கிடைக்காது, ஒன்றே உண்டு. வீடு 250 சதுர மீட்டராயின், ஐந்தில் நான்கு பங்கு வரிக்கே தள்ளுபடி.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். இந்திப் படிவங்களில் இச்சலுகைக்கு 'சூட்' என்ற சொல்லைக் காணலாம். அச்சொல் தள்ளுபடியையும் குறிக்கும், முழு விலக்கையும் குறிக்கும். அண்டை வீட்டார் 'முதியோருக்கு வீட்டு வரியில் சூட் உண்டு' என்று சொல்லக் கேட்டு, வரியே இல்லை என்று இருந்துவிடுவோர் உண்டு. நூற்றுக்கு எழுபது கட்டியே தீர வேண்டும். கட்டாவிடில் வட்டியும் அபராதமும் ஏறும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'டி' வகுப்புக் குடியிருப்பில் 1985இல் கட்டிய, 125 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தளம், உடையவரே வசிக்கிறார். சதுர மீட்டருக்கு 320 ரூபாய் வீதம் 40,000 ரூபாய். எண்பதுகளில் எழுந்த கட்டடத்துக்கு வயதுக் காரணி 0.8, ஆகவே ஆண்டு மதிப்பு 32,000. இவ்வகுப்பின் வரி வீதம் 11 சதவீதம்; வரி 3,520 ரூபாய். இதில் முப்பது சதவீதமாகிய 1,056 ரூபாய் போக 2,464 ரூபாய் நிற்கும். ஆண்டு வரி முழுவதையும் ஜூன் 30க்குள் ஒரே தவணையாகச் செலுத்துவோருக்கு அண்மை ஆண்டுகளில் 10 சதவீதம் தனியாகக் கழித்து வந்திருக்கிறார்கள். அதனையும் பெற்றால் செலுத்த வேண்டியது 2,217 ரூபாய் 60 காசு. கல்வி மேல்வரி இதில் சேரவில்லை. இந்த முதியவரே இதே தளத்தை வாடகைக்கு விட்டிருந்தால், முப்பது சதவீதம் போய்விடும். அதோடு குடியிருப்போர் காரணி 1 என்பது 2 ஆகி வரி இரட்டிக்கும். ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டவர் அப்பகுதியைத் தனியே காட்டிக் கணக்கிட வேண்டும். மாடியறையில் இருப்பவர் 'நம்ம ஊர்ப் பிள்ளைதான்' என்பதனால் அவர் தரும் தொகை வாடகை அல்லாமற் போய்விடாது!

கூட்டு உரிமையில் உள்ள வீடு சற்று நுணுக்கமானது. தள்ளுபடி, தகுதியுடையவரின் பங்கின் அளவுக்கே கிடைக்கும். 50 வயது மகனும் 75 வயதுத் தந்தையும் சரிபாதி உடையவர்களாயின், தந்தையின் பாதிக்கு மட்டுமே சலுகை.

மிகுதியான குடும்பங்கள் இடறுவது இதற்கடுத்த இடத்தில்தான். வீடு கணவர் பெயரில் இருக்கும். அவர் காலமான பின் மனைவி அதே வீட்டில் வாழ்வார். வரி ரசீது மட்டும் இறந்தவர் பெயரிலேயே ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். பெயர் மாற்றம் செய்யாதவரை அந்த அம்மையார் தம் பெயரில் சலுகை கோர இயலாது. இறந்தவரின் வயதைக் காட்டிக் கோருவதோ பொய்யுரையாகும். உயில் இல்லாவிடில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாயார் ஆகியோர் சமபங்கினர். ஒரு மகனும் ஒரு மகளும் இருந்து, கணவரின் தாயார் முன்னரே காலமாகியிருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கே. தாம் முழு வீட்டிற்கும் உடையவர் என்று எண்ணியிருந்தவர் இதனை வரிப் படிவத்தின் முன் அறிய நேர்வது வருந்தத்தக்கது. பிள்ளைகள் தங்கள் பங்கைத் தாயாருக்கு விட்டுக்கொடுத்துப் பத்திரம் பதிவு செய்தால் சலுகையும் முழுமையாகும், முதுமையில் அவருடைய இருப்பும் உறுதியாகும். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, உயில் அல்லது வாரிசு விவரம், ஏனைய வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பிரமாணப் பத்திரம் ஆகியவை கேட்கப்படும். பிள்ளைகள் நால்வரும் நான்கு தேசங்களில் சிதறிப் போவதற்கு முன் இவற்றைத் திரட்டுவது எளிது. மாநகராட்சியின் பெயர் மாற்றம் வரிக்கான பதிவே அன்றி உரிமைச் சான்று ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இதற்கு நேர்மாறான செயலும் நடக்கிறது. அலைச்சல் வேண்டாமென்று, உயிரோடிருக்கும்போதே வீட்டை மகன் பெயருக்குத் தானமாக எழுதிவைக்கிறார்கள். மறுநாள் முதல் முதியோர் சலுகை இல்லை. அது சிறிய நஷ்டம். பெரியது வீட்டின் மீதுள்ள பிடி. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் முதியோர் எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் ரத்துச் செய்ய அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாயிருங்கள். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை எழுதுவதா என்று தயங்குவோருக்கு என் யோசனை, தானப் பத்திரத்தை விட்டு உயில் எழுதுங்கள் என்பதே.

உடற்குறை உடையோர் அரசு மருத்துவ அதிகாரியின் சான்றோ தனி அடையாள அட்டையோ வைத்திருப்பது அவசியம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடத்தக்க குறையை 40 சதவீதம் என்று வரையறுக்கிறது. குறையுடையவர் மகனாயிருந்து வீடு தந்தை பெயரில் இருந்தால், மகனைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது.

கோரும் முறை எளியது. மாநகராட்சியின் இணையதளத்தில் வீட்டுக்குரிய அடையாள எண்ணைக் கொண்டு ஆண்டுக் கணக்கைப் பதியும்போது, உடையவர் எந்தப் பிரிவினர் என்று கேட்கும் இடத்தில் உரியதைக் குறிக்க வேண்டும். அங்கே குறிக்காமல் விட்டால் முழு வரியும் வந்து நிற்கும். பதிவு செய்பவர் பேரனாகவோ கடைக்காரராகவோ இருந்தால், பணம் செலுத்துமுன் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வயதுச் சான்று, உரிமைப் பத்திரத்தின் நகல், முன்னாண்டு ரசீதுகள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள்; பின்னால் ஆய்வு வந்தால் கேட்பார்கள். ஜூன் கடைசி வாரம் வரை காத்திராமல் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.