ஃபைட்டர் மீனுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் மற்ற மீன்கள் தொட்டிகளில் கூட்டமாக நீந்த, ஃபைட்டர் மீன்கள் மட்டும் சின்னஞ்சிறு பாட்டில்களிலும் பிளாஸ்டிக் கவர்களிலும் தனித்தனியாக அடைபட்டிருக்கும். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும் என்பதால் கடைக்காரருக்கு வேறு வழியில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் அந்தப் பாட்டிலையே மீனின் நிரந்தர வீடாக எண்ணிவிடுகிறார்கள். “இதுக்கு ஏர் பம்ப் வேணாம், ஃபில்டர் வேணாம், ஒரு கண்ணாடி ஜாடி போதும்” என்று யாராவது சொல்லியும் அனுப்புவார்கள். மூன்றில் முதலாவது மட்டுமே சரி.

அது சரியாக இருப்பதற்குக் காரணம், செவுள்களுக்கு மேலே தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் என்னும் உறுப்பு. மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளின்மேல் நுண்ணிய ரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கும். மீன் மேலே வந்து வாயால் காற்றை விழுங்க, அதிலுள்ள ஆக்சிஜனை அந்தக் குழாய்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையும் இதே உறுப்பைக் கொண்டுதான் நீருக்கு வெளியிலும் தாக்குப்பிடிக்கிறது. தரங்கம்பாடியில் அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு, 1797-இல் லண்டனில் வெளியானது.

ஃபைட்டர் மீனின் தாயகம் தாய்லாந்து. சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் காட்டு மீனுக்கு இவ்வளவு நீண்ட துடுப்பும் கிடையாது, இவ்வளவு நிறமும் கிடையாது. சண்டைக்காகவும் பிறகு அழகுக்காகவும் மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வந்தவை அவை. குறைந்தது 400 ஆண்டுகளாக இந்த வளர்ப்பு நடந்துவருவதாக 2022-இல் வெளியான மரபணு ஆய்வு கணிக்கிறது. தாய்லாந்து 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அந்த வயல்களில் நீரின் ஆழம் குறைவு என்பது உண்மை. ஆனால் பரப்பு பெரிது, பயிரும் செடியும் அடர்ந்தது, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் சேற்றில் நிறைந்தது. ஜாடியில் இவற்றில் எதுவும் இல்லை.

காற்றைச் சுவாசிக்கும் திறமை மீனை மூச்சுத்திணறலிலிருந்து காக்குமே தவிர, அம்மோனியாவிலிருந்து காக்காது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஒரு லிட்டர் நீரில் அது விரைவில் செறிந்து செவுள்களை அரிக்கும். வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட அதன் நச்சும் கூடும். மீன் நகராமல் அடியில் கிடப்பதையும் துடுப்பின் ஓரம் நைந்துபோவதையும் பார்த்துச் சோம்பேறி மீன் என்கிறோம். பெரும்பாலும் அது வாடிக்கொண்டிருக்கிறது.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சில்தான் குடியேறும். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஏறத்தாழ 20 லிட்டர் பிடிக்கும் தொட்டியும் மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருந்தால் ஒரு மீனுக்குப் போதும். வேகமான நீரோட்டத்தில் அந்த நீண்ட துடுப்புகளைச் சுமந்துகொண்டு அதனால் நீந்த முடியாது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றலாம். மொத்த நீரையும் கொட்டி, பஞ்சைக் குழாய்நீரில் அலசினால் குளோரின் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். புதிதாக ஊற்றும் நீரில் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சில துளிகள் விடுவது நல்லது.

தாய்லாந்தில் இம்மீனை வளர்ப்பவர்கள் காய்ந்த பாதாம் இலையைத் தொட்டியில் போடுவார்கள். நம் தெருவோரங்களில் நிழல் தரும் அதே நாட்டு வாதுமைதான். நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். மீனுக்கு அது பழகிய நிறம்.

உணவில் தாராளம் காட்டக் கூடாது. கொசுப்புழுவையும் பூச்சியையும் தின்று வாழும் இந்த மீனுக்குப் பொரியும் பிரெட்டும் ஒத்துவராது. புரதம் மிகுந்த சிறு குருணைத் தீனி, காலையும் மாலையும் இரண்டு மூன்று மணிகள், அவ்வளவுதான்.

நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இது தானாகவே அமையும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும், இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையிலும் சிறிய ஹீட்டர் அவசியம். தொட்டிக்கு மூடியும் வேண்டும், இந்த மீன் நன்றாகத் துள்ளும். மூடிக்கும் நீருக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடம் விடுங்கள். அது மேலே வந்து மூச்செடுக்கும் காற்று அங்கேதான் இருக்கிறது.