எந்த நீர்க்கட்டிக்குக் கத்தி வேண்டும்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வரும் பெண்கள் அடிக்கடி கேட்டுவரும் சொல் 'நீர்க்கட்டி'. மாதவிலக்கு தள்ளிப்போகும் கல்லூரி மாணவிக்கும் அதே சொல்தான். அடிவயிறு கனக்கிறது என்று வந்த நாற்பது வயது விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் அதே சொல்தான். வீடு வந்து சேர்வதற்குள், "ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்களாமே" என்று அக்கம்பக்கத்தில் யாராவது பயமுறுத்திவிடுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைகளை நாம் இந்த ஒரே சொல்லால் அழைக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தியே தேவையில்லை.

கர்ப்பப்பையின் இருபுறமும் இருக்கும் சினைப்பை, இந்தப் பக்கத்து மல்லாட்டைக் காய் ஒன்றின் அளவுதான் இருக்கும். மாதந்தோறும் அதில் ஒரு சின்ன நீர்ப்பை வளர்ந்து, சுமார் 2 செ.மீ. ஆனதும் வெடித்துக் கருமுட்டையை வெளியே விடும். ஒரு மாதம் வெடிக்காமல் போனால் அதே பை நீர் கோத்துக் கட்டியாகிறது. இப்படி வருபவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே வற்றிவிடும். சில வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லும் மருத்துவர் நம்மைத் தட்டிக்கழிக்கவில்லை. காத்திருந்து பார்ப்பதும் சிகிச்சைதான்.

இளம்பெண்களிடம் அதிகம் பேசப்படும் பிசிஓடி வேறு சங்கதி. அதில் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுபோன, 2 முதல் 9 மி.மீ. வரையிலான முட்டைப்பைகள். கோளாறு ஹார்மோனில் இருக்கிறது. உணவு, உடற்பயிற்சி, மாத்திரை ஆகியவையே அதற்கு வழி. வெட்டி எடுக்க அங்கே கட்டி என்று எதுவும் இல்லை.

வற்றாத கட்டிகள் சில உண்டு. 'டெர்மாய்டு' கட்டியைத் திறந்தால் உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும். சில நேரம் பல்லும் இருக்கும். இது செய்வினை அல்ல. கருமுட்டையை உண்டாக்கும் செல்களுக்கு உடலின் எந்தத் திசுவாகவும் மாறும் திறன் உண்டு. அவை இடம் தெரியாமல் வளர்ந்ததன் விளைவு இது. 'சாக்லேட்' கட்டியில் பழைய ரத்தம் கெட்டியாகித் தேங்கி நிற்கும். கோழை போன்ற திரவம் நிறைந்த இன்னொரு வகைதான் பூதாகரமாக வளரக்கூடியது. கோயம்புத்தூரில் 2018-இல் ஒரு பெண்ணின் சினைப்பையிலிருந்து 33.5 கிலோ கட்டி அகற்றப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1991-இல் எடுக்கப்பட்ட கட்டியின் எடை சுமார் 137 கிலோ. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

இந்த அறுவை சிகிச்சையின் வரலாறு 1809 டிசம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் க்ராஃபோர்டு என்ற பெண், சுமார் 100 கி.மீ. குதிரையில் வந்து எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவரின் வீட்டை அடைந்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. முழு நினைவோடு இருந்தவரின் வயிற்றைத் திறந்து, 10 கிலோ கட்டியை 25 நிமிடத்தில் மெக்டவல் அகற்றினார். அதன் பிறகு ஜேன் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு நோயோடே மடிந்த பெண்களைக் கண்டு வருந்திய மேரி ஷார்லீப், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885-இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் திருவல்லிக்கேணியின் 'கோஷா ஆஸ்பத்திரி', இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பின்னாளில் லண்டனில் பெண்களுக்கான அறுவை சிகிச்சையில் அவர் பெரும் பெயர் பெற்றார்.

இன்று தொப்புளருகே ஒரு சிறு துளை, அடிவயிற்றில் இரண்டு மூன்று துளைகள். கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியே திரையில் பார்த்தபடி செய்கிறார்கள். கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கோடையில் திண்டிவனம் சாலையோரம் நுங்கு சீவுபவரைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: சுளை உடையக் கூடாது, உள்ளிருக்கும் நீர் சிந்தக் கூடாது. எடுத்த கட்டியைச் சிறு பையில் போட்டுத் துளை வழியே வெளியே கொண்டுவருவார்கள். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் முறை மாறும். அப்போது கட்டியை உடைக்காமல் முழுதாக எடுக்கப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே செய்வார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு தோன்றும் கட்டியைக் கூடுதல் எச்சரிக்கையோடு பார்ப்பதும் இதனால்தான். எடுத்த கட்டி எதுவானாலும் நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. கனத்த கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் அதற்கு ரத்தம் போவது தடைபடும். திடீரென அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. வலப்பக்கம் வந்தால் குடல்வால் வலி போலத் தோன்றும். 'சூட்டு வலி' என்று வெந்தயம் விழுங்கிவிட்டுப் படுத்திருந்தால் சினைப்பை அழுகிவிடும். சில மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்துவிட்டால், கறுத்துப்போன சினைப்பைகூடப் பல நேரம் மீண்டுவிடுகிறது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சாதாரணக் கட்டி என்றால் அங்கோ உங்கள் மருத்துவரிடமோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்த வகை, எவ்வளவு பெரியது, சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா? வாந்தியோடு திடீர் வலி வந்தால் மட்டும் கேள்வி எதுவும் வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.