எட்டாம் வகுப்புக்குப் பிறகு...



எளாவூருக்கு அருகில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. கூலி வேலையை நம்பி வாழும் வீட்டில், பெரிய பிள்ளை வேலைக்குப் போனால் இன்றே காசு வரும். படித்தால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வறுமை இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் இலவசக் கல்விக்கு உறுதி தருகிறது. பெரும்பாலும் படிப்பு தடுமாறுவது அதற்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளில்தான்.

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வந்தவை. ஆனால் அது உயர்கல்வியில் சேர்ந்த பின்னரே கிடைக்கும். பத்தாம் வகுப்பில் நின்றுவிட்ட பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

இடையில் கைகொடுப்பது தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஏழை மாணவர்கள் இதை எழுதலாம். தேர்வு பெற்றவர்கள் தொடர்ந்து படித்தால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறலாம்.

ஆனால் இதற்கும் வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டும். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இங்குதான் நம் உதவி தேவை. விண்ணப்பத்தை நிரப்பித் தருவோம். இ-சேவை மையத்திற்கு உடன் செல்வோம். தேர்வுக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்போம். பணம் கொடுக்க இயலாதவரும் இதைச் செய்யலாம்.

நம் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை யார்? இன்றே விசாரிப்போமா?