பேனா வேண்டாம், ஊசி போதும்: மணிகளால் ஒரு டைரி!

ஜனவரியில் டைரி எழுத ஆரம்பித்து பொங்கலோடு நிறுத்திவிடுபவரா நீங்கள்? இன்னொரு வழி இருக்கிறது. அந்த மாதம் மனதில் நின்றதை ஒரு சின்னத் துணியில் மணிகளால் தைத்து வைப்பது. அமெரிக்கக் கைவினைக் கலைஞர் ராபின் அட்கின்ஸ், மாதம் ஒன்று, வருடத்துக்கு 12 என இதை 2007-ல் ஒரு கூட்டு முயற்சியாகவே தொடங்கினார்.

உள்ளங்கையில் பாதி அளவு போதும். பெரிதாக ஆரம்பித்தால் இரண்டாவது மாதமே கை ஓய்ந்துவிடும். ஃபெல்ட் துணி, மெல்லிய பீடிங் ஊசி, நைலான் நூல், 11-ம் நம்பர் சீட் பீட்ஸ் (சுமார் 2 மி.மீ.) வாங்குங்கள். ஆரி பிளவுஸில் மிஞ்சிய மணிகளும் ஓகே. ஈரத்துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழக வேண்டியது பேக் ஸ்டிச் ஒன்றுதான். 4 மணிகளைக் கோத்துத் துணியில் படியவைத்து ஊசியைக் கீழே இறக்குங்கள். இரண்டாவது, மூன்றாவது மணிகளுக்கு நடுவே மேலே எடுத்து, கடைசி 2 மணிகளுக்குள் மறுபடி நுழையுங்கள். அவசரத்தில் இதை விட்டால் வரிசை பாம்பாக நெளியும். அவ்வப்போது பின்பக்கம் முடிச்சு போட்டால், நூல் அறுந்தாலும் மொத்தமும் கொட்டாது.

எதைத் தைப்பது? மயிலும் மாங்காயும் கல்யாண பிளவுஸுக்கே இருக்கட்டும். பாட்டி தவறிய மாதம் என்றால், அவர் புடவையில் ஒரு துண்டு, அறுந்துபோன அவர் பாசிமாலையில் நாலு மணி. அடுத்தவருக்குப் புரிய வேண்டிய கட்டாயமில்லை. பழைய புடவை நைந்திருக்கும். ஃபெல்ட் மேல் வைத்துத் தையுங்கள். பின்பக்கம் மாதமும் வருடமும் எழுத மறக்காதீர்கள்.