பாட்டியின் பாட்டி பிறந்தது எந்த ஊர்?

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பர் பெரியோர். ஆயினும், நம் பாட்டி பிறந்த ஊரைத் தேடுவது குற்றமாகாதல்லவா? சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் இல்லத்தில் இப்படியொரு தேடல் எழுந்தது. அவளுடைய பாட்டிக்கு ஒரே ஓர் ஆசை. "என்னை வளர்த்த என் பாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டால் போதும்" என்பார். அந்தக் கோவில் எது? வீட்டில் எஞ்சியிருந்தது 1926-இல் கொழும்பில் நடந்த திருமணத்தின் சான்றிதழ் ஒன்றே. அதில் பெண்ணின் ஊர் தூத்துக்குடி என்றிருந்தது. தூத்துக்குடியின் ஞானஸ்நானப் பதிவேட்டிலோ அவர் பெயர் இல்லை. தோழிக்குத் துணையாகத் தேடப் புகுந்த நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, குடும்பப் பெயர் ஊரைக் காட்டாது. "நம் முன்னோர் போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர்களாக்கும்" என்று தோழியின் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. உண்மை வேறு. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடி, கிறிஸ்தவ மறையைத் தழுவினார்கள். அப்போது ஞானத்தகப்பன்மாராக நின்றவர்களின் பெயர்களே பர்னாந்து, பெரைரா, ரொட்ரிகோ என்று குடும்பங்களில் நிலைத்தன. வேம்பாரிலும் பர்னாந்து உண்டு, மணப்பாட்டிலும் உண்டு, கடலுக்கு அப்பால் நீர்கொழும்பிலும் உண்டு!

இரண்டாவது, துறைமுகம் சிற்றூரை மறைத்துவிடும். வைப்பாற்றிலோ புன்னைக்காயலிலோ வீரபாண்டியன்பட்டினத்திலோ பிறந்தவர்கள் கொழும்புக்குப் போகத் தூத்துக்குடிக்கு வந்தே தோணியோ கப்பலோ ஏறினார்கள். அக்கரையில் "எந்த ஊர்?" என்று கேட்டால், கேட்பவருக்குத் தெரிந்த ஊரைத்தானே சொல்வார்கள்? இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழியத் தொடங்கி, பெரும்பஞ்சம் வந்தது. சில ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். இன்று கோவ் எனப்படும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் ஏராளம். இன்று அமெரிக்காவில் முன்னோரின் ஊரைத் தேடும் பலருக்குக் கிடைப்பது "அயர்லாந்து" என்ற ஒரே சொல்தான். அல்லது கப்பலேறிய துறையின் பெயர். 1922-இல் டப்ளின் நகரின் அரசு ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்து, பழைய குடிமதிப்பு ஏடுகள் பல சாம்பலாயின. ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே இருந்தபடியால் தப்பின!

மூன்றாவது, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கும். வீட்டில் பிரகாசி, இலத்தீன் ஏட்டில் லூசியா. வீட்டில் இராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். சந்தியாகு என்பவரோ யாக்கோபுஸ் ஆகிவிடுவார். இது தெரியாமல் தேடினால் கண்முன் இருப்பதும் கண்ணில் படாது. நாங்கள் இரு பெயராலும் தேடச் செய்தோம். அப்போதும் தூத்துக்குடியில் கிடைக்கவில்லை.

நான்காவது, ஏடு பேசாத இடத்தில் வழக்கம் பேசும். தோழியின் பாட்டி ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் காலையில் எதுவும் உண்ணமாட்டார். ஏன் என்று கேட்டோம். "என் பாட்டி அப்படித்தான் இருப்பார்" என்றார். அது திருச்சிலுவைத் திருநாள். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டின் மணற்குன்றின்மேல் உள்ள திருச்சிலுவைக் கோவிலின் பெருவிழாவும் அன்றுதான்!

தோழியின் தந்தையார் மணப்பாட்டுக்கு எழுதினார். அங்கே 1906-ஆம் ஆண்டு ஏட்டில் பெயர் இருந்தது. பெற்றோர் பெயரும் பொருந்தியது. ஆனால் ஒரே பெயரில் பலர் இருக்கும் கரையில் அது போதுமா? ஐயத்தைத் தீர்த்தது பக்கத்தின் ஓரத்தில் இருந்த சிறு குறிப்பு. ஒருவர் எங்கே மணம் முடித்தாலும், அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டிலும் எழுதவேண்டும் என்பது 1908 முதல் திருச்சபையின் சட்டம். அதன்படி ஓரத்தில் "கொழும்பு, 1926" என்றிருந்தது. நூறாண்டுக்கு முன் யாரோ ஒரு குருவானவர் கடமை தவறாமல் எழுதிய ஒரு வரி, இன்று ஒரு குடும்பத்துக்கு ஊரைத் திருப்பித் தந்துவிட்டது.

தோழியின் பாட்டியை மணப்பாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். மெழுகுதிரியை ஏற்றிவிட்டு அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "இத்தனை நாளும் இவ்வளவு பக்கத்திலேயே இருந்திருக்கிறதே!" என்றாராம்.

அன்புத் தோழியரே! ஏடுகள் இன்னும் பல காலம் காத்திருக்கும். நம் பாட்டிமார் காத்திருக்கமாட்டார்கள். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருங்கள். பெயர், வீட்டுப் பெயர், ஞானத்தாய் தகப்பன் யார், எந்தக் கோவிலுக்கு நேர்ச்சை, எந்த நாளில் ஒருசந்தி என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சிறிய செய்தி என்று ஒதுக்குவதையும் விடாதீர்கள். எங்களுக்கு வழிகாட்டியது அப்படி ஒரு சிறிய செய்திதான்.