சக்கரம் சுழல்கிறது, சூளை தயங்குகிறது

வாரணாசி ரயில் நிலையத்தில் தேநீர் குடித்து முடித்தவர்கள் குல்ஹட் எனும் மண் குவளையைத் தயங்காமல் வீசி எறிகிறார்கள். மண் மண்ணோடு போய்ச் சேரும் என்ற நம்பிக்கை. உண்மையில் அது சேர்வதில்லை. உடையும், ஓடாகும், பொடியாகும். களிமண்ணாக மட்டும் இனி மாறாது. மொஹெஞ்சதாரோவில் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓடுகள் அகழ்வாய்வாளர்களுக்குக் கிடைத்தது இதனால்தான்.

களிமண் என்பது பாறை சிதைந்து உண்டான, தகடு தகடான நுண்துகள்கள். இடையில் நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். குயவரின் விரலுக்கு மண் இசைந்து கொடுப்பது இதனால்தான். காய்ந்த பிறகும் பசுமண் கலத்துக்குத் தண்ணீரைத் தாங்கும் திராணி இல்லை, கரைந்து சேறாகிவிடும். ஆனால் வெப்பம் 500, 600 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும்போது, துகள்களின் அமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. அதன் பிறகு அது வேறு பொருள். பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேலும் வேண்டும். அங்கே துகள்கள் பாதி கண்ணாடியாக உருகி, துளைகள் அடைபடுகின்றன. குல்ஹட் அவ்வளவு தூரம் போவதில்லை. துளைகள் அப்படியே இருக்கும். சூடான தேநீர் அவற்றில் ஊறும்போது எழும் மண்வாசனைக்குத்தான் இத்தனை ரசிகர்கள்.

உத்தரப் பிரதேசக் குயவர் கல் நீக்கிய மண்ணை ஊறவைத்து, மிதித்து, சக்கரத்தின் நடுவே குவித்து வைக்கிறார். குவியலின் உச்சியில் ஒரு குவளை வனைந்து நூலால் அறுத்து எடுத்ததும், அடுத்தது. சில விநாடிகளுக்கு ஒன்று. பிறகு காயவைத்து, வறட்டியும் வைக்கோலும் சேர்த்து அடுக்கி, மேலே மண் பூசித் தீ மூட்டுகிறார். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி குவளையைப் பிளந்துவிடும்.

2004இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களுக்குக் குல்ஹட்டைக் கொண்டுவந்தார். எடை, உடைசல், விலை ஆகியவை அதை ஓரங்கட்டின. (பதிலுக்கு வந்த காகிதக் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு.) 2018இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் குயவர்களுக்கு மின்சக்கரம் வழங்கத் தொடங்கியது. 2020 நவம்பரில் அமைச்சர் பியூஷ் கோயல், சுமார் 400 நிலையங்களில் குல்ஹட் இருப்பதாகவும் எல்லா நிலையங்களுக்கும் அது வரும் என்றும் அறிவித்தார்.

மின்சக்கரம் நல்ல காரியம்தான். கைவலி குறைந்தது. சக்கரத்தைப் பெண்கள் தொடக்கூடாது என்ற பழைய வழக்கமும் பல வீடுகளில் தளர்ந்தது. ஆனால் வனைவது வேலையில் ஒரு பகுதி மட்டுமே. வெயிலையும் சூளையையும் மின்சாரம் அவசரப்படுத்த முடியாது. மழைக்காலத்தில் குவளை காயாது, திறந்தவெளிச் சூளையும் எரியாது. குளங்கள் வீட்டு மனைகளாகும்போது மண்ணையும் விலைகொடுத்து வாங்கியாக வேண்டும். சக்கரத்துக்குக் கிடைத்த கவனம் சூளைக்குக் கிடைக்காதவரை, கூடுதலாக வனைந்தவை முற்றத்தில்தான் காத்திருக்கும்.

சூளையின் ஓரத்தில் சூடு குறைந்த இடத்தில் இருந்தவை சரியாக வேகாது. அவற்றில் தேநீர் ஊற்றினால் அடி நெகிழ்ந்துவிடும். சூளையைப் பிரித்ததும் குயவர் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்க்கிறார். கணீரென்று ஒலிப்பது கூடைக்கு. மந்தமாக ஒலிப்பது குப்பைமேட்டுக்கு. அதற்கு விலை கிடையாது.